மெத்தைக் கடைக்கு வந்த சிவப்பு வண்டி

நான் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது, சார். ஒரு திருப்புளி கொடுத்தால் இரண்டே நிமிடத்தில் சரிசெய்துவிடுவேன். ஆடுகிற பொருளைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. என் வீட்டுக்காரி அதை வியாதி என்பாள். பேப்பரும் பேனாவும் கொடுத்து, நடந்ததை என் போக்கில் எழுதச் சொன்னீர்கள். பெரிய மனசு உங்களுக்கு. நேற்றிலிருந்து யாரிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கும் நாக்கு துறுதுறுக்கிறது.

நான் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவன். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் அந்தத் தீயணைப்பு வண்டியைப் பார்த்தேன். என்னைவிட வயதில் மூத்தது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரியும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் வண்டியை எடுத்து வந்தேன். நான் எவ்வளவு பொறுமைசாலி என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என்ஜினைப் பேச வைக்க இரண்டு வருடம் ஆயிற்று. பம்புக்கு மூன்று வருடம். என் மச்சான், அதாவது வீட்டுக்காரியின் தம்பி, போர்டு எழுதுகிறவன்; கதவுகளில் தங்கக் கோடு இழுத்துக் கொடுத்தான். வண்டியில் பாதி அவனுக்குத்தான் சொந்தம். முன்னால் தொங்கும் பித்தளை மணியைத் துடைக்கக் கால்வாய்க்கரை மெத்தைக்காரர் பஞ்சு கொடுத்தார். தங்கமான மனிதர். போகும்போதெல்லாம் ஒரு பை நிறையத் திணித்து அனுப்புவார். வீட்டுக்காரி மட்டும் தினமும் காலையில், “என் சக்களத்திக்கு எண்ணெய் போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் எனக்குக் காபி தருவாள்.

மாதத்துக்கு ஒருமுறை வண்டியைக் கால்வாய்க்கு ஓட்டிப்போய்ப் பம்பை இயக்குவேன். உறிஞ்சு குழாயைத் தண்ணீரில் இறக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, தண்ணீரை மேலே இழுத்து, பீய்ச்ச வேண்டும். எங்கே பீய்ச்சுவது? திரும்பவும் கால்வாயிலேதான். அடுப்பு மூட்டி, சமைத்து, யாரும் சாப்பிடாமல் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதுபோல. ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துப்போய்த் திரும்புவேன்.

போன வாரம் வீட்டுக்காரி மெதுவாக ஆரம்பித்தாள்.

“வண்டிய ஒரு ஓட்டலுக்குப் பேசி முடிச்சாச்சு. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கறாங்களாம். முன்வாசல்ல நிறுத்தி ஐஸ்கிரீம் விக்கப் போறாங்க. பம்பைக் கழட்டிட்டு அந்த எடத்துல ஃப்ரிட்ஜ் வெப்பாங்களாம்.”

“குழந்தைங்க ஏறி விளையாடும் மாமா, நல்லதுதானே?” என்றான் மச்சான்.

நான் சிரித்தேன். அவர்களும் நிம்மதியாகச் சிரித்தார்கள். பம்பைக் கழற்றி ஃப்ரிட்ஜ். சார், உங்கள் நெஞ்சைத் திறந்து உள்ளே ஐஸ்கட்டி வைத்தால் எப்படி இருக்கும்? ஆனால் நான் கோபப்படுகிற ஆள் இல்லை. யோசித்துப் பார்த்தால் தப்பு அவர்கள் மேலும் இல்லை. அந்த வண்டி வேலை செய்து அவர்கள் பார்த்ததே கிடையாது. ஒரே ஒரு தீயை அணைத்துக் காட்டிவிட்டால் ஊரே அதைக் கொண்டாடும். அப்புறம் எந்த ஓட்டல்காரனும் பக்கத்தில் வர மாட்டான். இந்த யோசனை வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. குளிக்கும்போது பாடினேனாம். வீட்டுக்காரி சொன்னாள்.

இடம் தேடுவதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. குழாய் இருபது அடிதான். அதனால் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். வண்டி திரும்பத் தெரு அகலமாக இருக்க வேண்டும். எரிகிற பொருள் சீக்கிரம் பற்ற வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மெத்தைக் கடையைத் தவிர வேறு எதுவும் தேறவில்லை. வாடிக்கையாளர்கள் இருக்கும் நேரத்தில் வேண்டாம் என்று நானே ஒதுக்கினேன். மதியம் இரண்டு மணிக்கு அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடியில் போய்ப் படுப்பார். அந்த நேரம் பொருத்தமாகப் பட்டது.

முந்தின நாள் காலையிலேயே தோல் வாஷர்களை வாளியில் ஊறப் போட்டேன். குழாய் மூட்டுகளுக்கு நடுவில் போடுகிற வாஷர்கள் அவை. காய்ந்த தோல் காற்றைக் கசியவிடும். பம்புக்குத் தண்ணீர் ஏறாது. ஒரு நாள் முழுக்க ஊற வேண்டும். ஊறவைக்காமல் நான் ஒருநாளும் பம்பைத் தொட்டதில்லை.

நேற்று இரண்டே காலுக்குப் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். அவர் எனக்குக் கொடுத்த பஞ்சில் ஒரு பை மிச்சம் இருந்தது. அதைத்தான் பயன்படுத்தினேன். கடைச் சரக்கில் கை வைக்கவில்லை. வரும் வழியில் மாடிப்படிக் கதவை இந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். இதைப் படிக்கும்போது நீங்கள் நெற்றியைச் சுருக்குவீர்கள் என்று தெரியும். வண்டியில் ஏணி என்று ஒன்று இருக்கிறது, சார். மாடிப்படி இருக்கும்போது ஏணியை யார் மதிப்பார்கள்?

பிறகு நடந்தே வண்டி நிற்கும் ஷெட்டுக்கு வந்தேன். மச்சான் அங்கே பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். புகை தெரிந்ததும், “மாப்ளே, ஏறு, மணியை அடி” என்றேன். சார், அந்த இரண்டு தெரு தூரத்தை எப்படி எழுதுவது? மணிச் சத்தம் கேட்டு ஆட்டோக்கள் ஒதுங்கின. பஸ் ஒன்று பின்னால் நகர்ந்து வழிவிட்டது. பஸ் சார். மூக்கு, வாய், காது எல்லாம் சிரித்தது எனக்கு.

கடைக்கு எதிரில் சலூன்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், “வண்டி வந்துடுச்சுப்பா” என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் இன்னும் நாலைந்து பேர் அப்படியே செய்தார்கள். சிவப்பு வண்டி வந்து நின்ற பிறகு தீயணைப்பு நிலையத்துக்கு எவன் போன் செய்வான்? இதையும் நான் முன்னாலேயே யோசித்திருந்தேன். அவர்கள் வந்தால் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிடுவார்கள். நான் சலூன்காரரைப் பார்த்துத் தலையாட்டினேன். கடைசியில் பால்காரர் ஒருவர் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து, இது அரசாங்க வண்டி இல்லையே என்று சந்தேகப்பட்டுப் போன் செய்தாராம். அதற்குள் பதினேழு நிமிடம் போய்விட்டது.

மச்சான் குழாயை மாட்ட ஓடினான். வாளியில் கை விட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

“மாமா, வாஷர எப்ப ஊறப் போட்டீங்க?”

“நேத்து காலையில.”

அவன் என்னைப் பார்த்தான். கடையைப் பார்த்தான். பம்பு சோதனை இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் என்று அவனுக்குத் தெரியும். நல்ல மூளை அவனுக்கு. புகைக்குள் ஓடினான். தாழ்ப்பாளைத் திறக்கப் போனானாம். அது பழுக்கச் சூடாகியிருந்தது. இரண்டு உள்ளங்கையும் வெந்துபோய்த் திரும்பி வந்தான். இனி சில மாதம் கோடு இழுக்க முடியாது. அதில் எனக்கு வருத்தம்தான்.

நான் பம்பைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடம் தண்ணீர் ஏறியது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. குழாய் விறைத்து என்னைப் பின்னால் தள்ளியது. கூட்டம் கைதட்டியது. மெத்தைக்காரர் மாடி ஜன்னலில் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என்னைப் பார்த்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். முகத்தில் பயம் போன மாதிரிதான் இருந்தது. அந்த நிமிடத்தைவிட ஆனந்தமான நிமிடம் என் கல்யாணத்தில்கூட இல்லை.

குழாயைச் சலூன்காரர் கையில் கொடுத்துவிட்டு, ஏணியை எடுத்து ஜன்னலில் சாய்த்தேன். தேக்கு ஏணி. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு தேய்த்துத் தேய்த்து ஏழு முறை வார்னிஷ் அடித்திருந்தேன், முகம் பார்க்கலாம். அவர் ஒரு காலை வெளியே எடுத்து மேல் படியில் வைத்தார். அப்போது கீழ் ஜன்னல் வெடித்து நெருப்பு வெளியே நீண்டது. ஏணியின் நடுவில் வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் ஏணியைப் பின்னால் இழுத்தேன். இரண்டு அடிதான் இருக்கும். தீ கொஞ்சம் தணிந்ததும் திரும்ப வைக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஜன்னலிலேயே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் புகையில் முகம் தெரியவில்லை. பதினேழாவது நிமிடத்துக்குப் பிறகு வந்த தீயணைப்பு நிலையத்து ஆட்கள்தான் அவரைத் தூக்கி வந்து தரையில் கிடத்தினார்கள்.

ஆக, தீ வைத்தது நான். கதவைத் தாழிட்டது நான். ஏணியை எடுத்தது நான். எதையும் மறைக்கவில்லை, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள். ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. மச்சான் கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கைகாட்டி அழுதான். வீட்டுக்காரி வந்தவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மெத்தைக்காரர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது, சார். பம்பு எவ்வளவு அழகாகத் தண்ணீர் இழுத்தது என்று முதல் ஆளாக அவர்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருப்பார்.