இரு கையும் ஒற்றைத் தூணும்

கார் வாங்குகிறவர்கள் அதன் முன் சக்கரத்தருகே ஒரே ஒருமுறைதான் குனிகிறார்கள், எலுமிச்சம்பழம் வைப்பதற்கு. பழம் நசுங்கியதும் நிமிர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது எது என்று பார்க்கக் குனிந்தவர்களை இந்த மாவட்டத்தில் நான் அதிகம் கண்டதில்லை. நான் குனிந்திருக்கிறேன். காலஞ்சென்ற அன்புச்செல்வியும் குனிந்திருக்கிறாள்.

பெரியோர்களே, தாய்மார்களே, ஓர் அநீதிக்குச் சாட்சியாக வந்து நில்லுங்கள். விழுப்புரம் சிறையில் இனியவன் என்னும் இளைஞன், தன் அக்காள் அன்புச்செல்வியைக் கொன்றவன் என்ற பழியோடு அடைபட்டுக் கிடக்கிறான். அவன் கொல்லவில்லை. உண்மைக் குற்றவாளி விடுதலை பெற்று, உங்கள் தெருவில், உங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டியில் உலவிக்கொண்டிருக்கிறது. உலவுகிறது என்றுதான் சொன்னேன். அது ஆள் அன்று, இரும்பு.

என் பெயர் மணிமாறன். ஓமந்தூர்ப் பக்கம் எங்களுக்கு நிலம். திண்டிவனத்தில் எனக்கு உதிரிபாகக் கடை. மாலை நேரங்களில் மேடை. கோயில் தேர் ஏன் காலனிக்குள் போகாமல் இந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று கேட்ட வாய் இது. கார்ச் சக்கரம் வளைவில் ஏன் சாய்கிறது என்று கேட்டதும் இதே வாய்தான். இரண்டும் ஒரே கேள்வி என்பது என் கொள்கை. அந்தக் கொள்கைக்காகவே வாகனப் பகுத்தறிவு மன்றத்தை நிறுவினேன்.

பந்தயக் காரின் முன் சக்கரத்தைத் தாங்குவதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, டபுள் விஷ்போன். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. இரண்டும் சக்கரத்தைப் பிடித்திருக்கும். வண்டி வளைவில் சாய்ந்தாலும் டயர் தன் முழுப் பாதத்தையும் தரையில் பதித்து நிற்கும். மற்றொன்று, ஸ்ட்ரட். கீழே மட்டும் கை. மேல் கை இருக்க வேண்டிய இடத்தில், அதிர்வைத் தாங்கும் தூண் ஒன்றே நின்று எல்லா வேலையையும் பார்க்கும். இடம் மிச்சம், எடை மிச்சம், கம்பெனிக்குச் செலவும் மிச்சம். ஆனால் வண்டி சாய்ந்தால் சக்கரமும் கூடவே சாயும். டயர் வெளி விளிம்பில் நொண்டும். முன்னது கூட்டாட்சி, பின்னது சர்வாதிகாரம் என்று நான் சொன்னபோது திண்டிவனத்தில் எழுந்த கைதட்டலைக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சொன்னதைச் செய்து காட்டவும் முனைந்தேன். உடைப்புக்கு வந்த பழைய பெரிய கார் ஒன்றின் இரு கைகளையும் எடுத்து, இருவர் மட்டும் அமரும் பந்தயக் கார் ஒன்றைக் கட்டினேன். சமநீதி என்று பெயரிட்டேன். அந்தப் பழைய காரைச் செய்தவர்கள் மேல் கையைக் குட்டையாகவும் கீழ்க் கையை நீளமாகவும் வைத்திருந்தார்கள். என் வண்டியில் மேல் கீழ் என்ற ஏற்றத்தாழ்வுக்கு எப்படி இடம் கொடுப்பேன்? வெல்டர் ரஞ்சித்தை அழைத்து இரண்டையும் ஒரே நீளமாக்கச் சொன்னேன்.

“சார், கம்பெனிக்காரன் எதனா காரணமாத்தான வச்சிருப்பான்?” என்றான்.

“மனுவும் காரணம் சொல்லித்தான் எழுதினான்” என்றேன்.

ரஞ்சித் முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங் வைத்தான்.

அன்புச்செல்வி கெடார் காலனியிலிருந்து படித்து வந்தவள். பொறியாளர், சென்னைக்குப் போகும் வழியில் ஒரு கார்த் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை. அவளும் தம்பி இனியவனும் சேர்ந்து, பழைய சிறு கார் ஒன்றின் ஸ்ட்ரட்டைக் கொண்டு தாங்களும் ஒரு பந்தயக் காரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ரப்பர் புஷ் வாங்க என் கடைக்கு வந்தவள், வாசலில் நின்ற சமநீதியின் சக்கரத்தருகே குனிந்து பார்த்தாள்.

“இன்னா சார், ரெண்டு கையும் ஒரே நீட்டுக்கு இருக்குது?”

“சமத்துவம்” என்றேன்.

“வண்டி சாஞ்சா சக்கரமும் கூடவே சாஞ்சிடும் சார். ஸ்ட்ரட்டே தேவலான்னு ஆயிடும். மேல் கை குட்டையா இருந்தாத்தான் சக்கரத்தோட தலைய உள்ளாற இழுத்துப் புடிக்கும்.”

“சமத்துவத்தில் உனக்கு நம்பிக்கை இல்லையா அம்மா?”

“நல்லா இருக்குது சார். அத எடுத்துக்கினு எங்க தெருவுக்கு வாங்க. தண்ணி டேங்கு வந்து நிக்குது, பைப்பு வரல. இரும்புக்கு இன்னாத்துக்கு சமத்துவம்?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மல்லாட்டை வியாபாரி மாரியப்பன் தன் வேர்க்கடலை மூட்டைமேல் சாய்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். அவள் எந்தத் தெருவைச் சேர்ந்தவள் என்பது என் நினைவில் தோன்றியதே இல்லை. அவள் வீட்டில் நான் தேநீர் குடித்திருக்கிறேன். அதைப் பல கூட்டங்களில் சொல்லியும் இருக்கிறேன்.

திண்டிவனத்தைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. நுழைவாயில் உண்டு, தார்ச்சாலை உண்டு, பூங்கா என்ற பலகை உண்டு. வீடுதான் ஒன்றுகூட இல்லை. இரண்டு வண்டிகளையும் அங்கே ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. முதலில் நான். வலப்பக்கம் திரும்பும் பெரிய வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினேன். சமநீதி திரும்பவில்லை. தன் போக்கில் நேரே போய், வண்ணம் பூசிய மனைக்கற்கள் மூன்றைச் சாய்த்துவிட்டு நின்றது.

“சாருக்கு மூணு மனை புக் ஆயிடுச்சி, ஜல்தி ரெஜிஸ்டர் பண்ணுங்கடா” என்றார் மாரியப்பன்.

பிறகு அன்புச்செல்வி தன் வண்டியை ஓட்டினாள். கோடு கிழித்ததுபோல் அந்த வண்டி வளைந்து போயிற்று. ஸ்ட்ரட்டின் பலவீனம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. சக்கரங்களின் தலையை முன்கூட்டியே சற்று உள்ளே சாய்த்து வைத்திருந்தாள். வண்டி சாயாமலிருக்கக் குறுக்கே ஒரு கனத்த கம்பியைப் பூட்டியிருந்தாள். குறையுள்ள ஒரு கொள்கையை உழைப்பால் மூடி மறைப்பதற்கு என்ன பெயர்? மோசடி என்று நான் பெயர் வைத்தேன். வேறு யாரும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு மேடையில் நான் ஏற்றத்தாழ்வு என்று தொடங்கினாலே பின்வரிசையிலிருந்து மூணு மனை என்று குரல் வரும். என் அவமானம் எனக்கு ஒரு பொருட்டே அன்று. கொள்கையின் அவமானத்தைப் பொறுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆகவே, மக்கள் முன்னிலையில் மறுசோதனை என்று துண்டறிக்கை அச்சிட்டேன். மனைப்பிரிவிலேயே ஞாயிறு நண்பகலில் சமபந்தி விருந்து. அது முடிந்ததும் ஓட்டம்.

அன்று காலை அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரு சிறு சச்சரவு. ஊரே கேட்டது.

“இன்னிக்கி நான் ஓட்றேன்க்கா.”

“மூஞ்சியப் பாரு. உனக்கு கியரே ஒழுங்கா வுழுவல.”

“எல்லா நட்டும் முறுக்கனது நானு, சவாரி மட்டும் உனக்கா? போ, நீயே ஓட்டிக்கினு எங்கயாச்சும் போய்த் தொல.”

அவள் சிரித்துக்கொண்டே அவன் தலையில் தட்டினாள். தட்டியதை எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னதை எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்.

இலை போட்டதும் எல்லாரும் சாதி பாராமல் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். இனியவன் மட்டும் வண்டியை விட்டு நகரவில்லை.

“நீங்க சாப்டுங்க சார். நான் இங்கியே இருக்கறேன். எவனாச்சும் வந்து நோண்டி வச்சான்னா பேஜாரு.”

“இந்த வரிசையில் உன் இலை மட்டும் காலியாக இருந்தால், அதுதான் தம்பி தீண்டாமை” என்றேன்.

வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். என் கையாலேயே அவனுக்குச் சோறு வைத்தேன். அவன் அக்காளுக்கும் வைத்தேன். சமபந்தி நடத்திப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: பாயசம் வரும்வரை ஒருவரும் இலையை விட்டு எழமாட்டார்கள். சாம்பார் வாளியை மன்றத்துப் பெண் வெண்ணிலாவிடம் கொடுத்துவிட்டு அவர்கள் வண்டியருகே போனேன்.

வளைவு வலப்பக்கம், ஆகவே சுமை இடச் சக்கரத்துக்கு. அங்கே குனிந்தேன். தூணும் சக்கரமும் சேருமிடத்தில் போல்ட்டுகள் இருந்தன. அவற்றின் நட்டுகளைத் தளர்த்தினேன். கழற்றவில்லை. கழற்றினால் அது கொலை, தளர்த்தினால் சோதனை. இந்த வேறுபாட்டை நீதிமன்றம் கவனிக்கும் என்று நம்புகிறேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து பாயசம் பரிமாறினேன்.

அவள் நேர்ச்சாலையில் அழகாக வந்தாள் என்பதை மறைக்க மாட்டேன். வளைவில் அந்தச் சக்கரம் வெளிப்பக்கம் மடிந்தது. வண்டி சாலையை விட்டு விலகிப் போய் மின்கம்பத்தில் மோதியது. இனியவன்தான் முதலில் ஓடினான். எச்சில் கையோடு ஓடினான். நான் மெதுவாக நடந்து போனேன். ஆய்வு செய்கிறவன் பதறக் கூடாது. ஒற்றைத் தூணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் திண்டிவனம் வட்டாரமே அன்று சாட்சியாக நின்றது. நான் ஒரு கேள்வியைத்தான் கேட்டேன். விடை சொன்னது ஸ்ட்ரட்.

கெடாரில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு நான்தான் தலைமை. ஸ்ட்ரட்டின் குறைகளை எளிய தமிழில் எடுத்துரைத்துக்கொண்டிருந்தபோது, முன்னால் தரையில் அமர்ந்திருந்த அவள் தாய் பொன்னி குறுக்கிட்டாள்.

“சார், எம் பொண்ணப் பத்தி எதனா ரெண்டு வார்த்த சொல்லுங்க சார். வந்ததுலேந்து இரும்பப் பத்தியே பேசிக்கினு இருக்கறீங்களே.”

தாயின் துயரம் புரிந்துகொள்ளத்தக்கது என்று கூறிவிட்டு உரையைத் தொடர்ந்தேன்.

அநீதி அதன் பிறகுதான் நடந்தது. சோதிக்க வந்த நிபுணர், வண்டியின் அமைப்பில் ஒரு குறையும் இல்லை, நட்டுகளை யாரோ ஸ்பேனர் வைத்துத் தளர்த்தியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். முறுக்கியவன் யார்? தம்பி. போய்த் தொல என்றவன் யார்? அவனே. ஸ்ட்ரட் விடுதலை; இனியவன் சிறை. என் சோதனையின் முடிவை இப்படித் தலைகீழாக எழுதிவிட்டார்கள். ஒற்றைத் தூண் என்னும் கொள்கை தோற்றதைக் காட்ட நான் செய்த அரும்பணி, அக்காள் தம்பி சண்டை என்ற அற்பக் கதையாகச் சுருங்கிவிட்டது.

நான் வாளாவிருக்கவில்லை. காவல் நிலையத்துக்கு நேரே சென்று, தளர்த்தியவன் நான் என்று சொன்னேன்.

ஆய்வாளர் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார். “உங்கள மாதிரி பெரிய மனுசன் வாயில இந்தப் பேச்சு வரலாமா சார்? அந்தப் பையனக் காப்பாத்தணும்னு உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு. வெயில்ல அலைஞ்சிக்கினு வந்திருக்கறீங்க, மொதல்ல மோர் சாப்டுங்க” என்றார்.

மோரைக் குடித்தேன். எழுதித் தருகிறேன் என்றேன். எங்கள் நிலத்தின் விளைச்சல் எப்படி என்று விசாரித்து, ஜீப்பிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார். காலனிப் பையன் கதறிச் சொன்ன மறுப்பையும் நம்பாத அதே நிலையம், நான் நிதானமாகச் சொன்ன உண்மையையும் நம்பவில்லை. இந்த நாட்டில் நீதி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று இப்போதாவது உணருங்கள்.

ஆகவே உங்களை அழைக்கிறேன். அடுத்த விசாரணை நாளில் விழுப்புரம் நீதிமன்ற வாசலுக்குத் திரண்டு வாருங்கள். இனியவனை விடுதலை செய் என்று முழங்குங்கள். தளர்த்தியது மணிமாறன் என்று அறிவியுங்கள். ஒரு கொள்கைக்காக இவ்வளவு தெளிவாகச் சிந்தித்து, இவ்வளவு அமைதியாகச் செய்து முடிப்பதற்கு வேண்டிய தகுதி அந்தத் தெருவில் ஒருவருக்கும் கிடையாது என்று, நீதிபதியின் காதில் விழும்படி உரக்கச் சொல்லுங்கள்.