முழங்கால் அளவு தண்ணீர்

கத்தரிக்காயையும் புத்தகத்தையும் ஒரே விதமாகத்தான் தெரிவு செய்யவேண்டும். மினுக்கத்தைப் பார்க்கக்கூடாது, காம்பைப் பார்க்கவேண்டும். புத்தகத்துக்குக் காம்பு கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார், ஆரைக் கேட்டு எழுதினார் என்ற விபரம். அது வாடியிருந்தால் உள்ளே புழு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, கேதீஸ்வரன் கடல்நீர்க் களப்பில் தாழ்ந்து செத்ததைப் பற்றி நீங்கள் வாசித்துக் காட்டிய அறிக்கையில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அதிலொன்றால் அரியாலை இறால்காரன் பிலிப்பு உங்கள் கம்பிக்குப் பின்னால் குந்தியிருக்கிறான். ஆயுளில் பாதியைக் கல்லூரி நூலகத்தில் கழித்தவன் நான். பிழையோடு ஒரு தாளை அடுக்கில் வைக்க எனக்குக் கை வராது.

எங்கள் விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். கேதீஸ்வரன் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. ஓய்வு பெற்றது பதவி மட்டும்தான், அதிகாரம் இல்லை. உடுவிலில் அவர் வீட்டு விறாந்தையில் குடாநாட்டின் படத்தைப் பெரிய பலகையொன்றில் கீறுவித்து வைத்திருந்தார். நானூறு வருஷத்துக்கு முந்திப் பறங்கியருக்கு எதிராக எழும்பின கலகத்தை அதில் திரும்ப நடத்திப் பார்ப்போம். கலகக்காரருக்குப் புளியங்கொட்டை, பறங்கியருக்குச் சோழி. கலகத் தலைவன் தன்னுடைய பூட்டனுக்குப் பூட்டன் என்று கேதீஸ்வரன் சொல்லுவார். அதற்கு இருந்த ஒரே ஆதாரம் அவருடைய மீசை.

பகடை உருட்டுவது வினோஜா, சரித்திரம் படிப்பிக்கும் பிள்ளை. சட்டம் ஒன்றே ஒன்று: புத்தகத்தில் இல்லாதபடி ஒரு கொட்டையும் நகரக்கூடாது. எந்தப் புத்தகம் என்பது என் பொறுப்பு.

போர்ப் புத்தகம் தேடுகிறவர்கள் தளபதி எழுதியதைத் தேடுவார்கள். வீண்வேலை. அரிசி மூட்டைக்குப் பொறுப்பாய் இருந்தவன் எழுதியதைத் தேடவேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வரவில்லை என்பது அவனுக்குத்தான் தெரியும். அப்படி ஒரு பறங்கிக் களஞ்சியக்காரனின் குறிப்பைத் தமிழில் தேடிப் பிடித்துக் கொண்டுபோனேன். கலகக்காரர் களப்பைக் கடக்கப்போய்ச் சேற்றில் புதைந்ததை அவன் எழுதியிருந்தான்.

"ஐசே லைப்ரறி, உதை ஆர் தமிழாக்கினது?"

"எங்கடை பருத்தித்துறை ஆள் ஒருத்தர், சேர்."

"அதுதானே பாத்தன். உங்கடை கடற்கரை ஆக்களுக்கு வள்ளம் விளங்கும் ஐசே, வரலாறு விளங்காது."

வினோஜா பகடையைக் கீழே வைத்துவிட்டாள். நான் சிரித்தேன். பகிடி என்றால் சிரிக்கத்தானே வேண்டும். அதை நான் மனதில் வைத்திருக்கவில்லை.

அடுத்த முறை வேறொரு புத்தகம் கொண்டுபோனேன். தங்க எழுத்து அட்டை, தலையணைத் தடிப்பு. காம்பு அறவே இல்லை. அதில் கலகத் தலைவன் அரியாலைக் கரையில் இறங்கித் தன் படையோடு களப்பை நடந்தே கடக்கிறான். முழங்கால் அளவு தண்ணீர். வீரர்களின் புத்தகங்களில் தண்ணீர் எப்போதும் முழங்கால் அளவுதான். கேதீஸ்வரன் உரக்க வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புளியங்கொட்டைகள் களப்பைக் கடந்தன.

"சேர், உதுக்கு ஒரு ஆதாரமும் இல்லையே," என்றாள் வினோஜா.

"ஆதாரமோ? நான் இறங்கி நடந்து காட்டுறன் பிள்ளை."

போங்கோ என்று நான் சொல்லவில்லை. எந்த இடம் என்று கேட்டார். அதை மட்டும் சொன்னேன்.

சொல்லுவதற்கு முன்னர் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மேலோட்டமாய்ப் பேசுவது எனக்குப் பிடிக்காது. மணல் அள்ளுகிறவர்கள் அங்கே களப்புக்குள்ளே பெரிய கிடங்கு தோண்டியிருந்தார்கள். தண்ணீருக்கு மேலே ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இறால் வலை போடும் பிலிப்பு, கிடங்கைச் சுற்றிக் கம்பு நட்டு, தன் மனுசி லூர்த்தம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தான்.

"ஐயா, உந்தச் சிவப்புத் துணிக்கு அங்காலை கால் வைச்சிடாதையுங்கோ. தென்னை நட்டாலும் தாழும்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மனிசன்.

குறித்த ஞாயிறு காலை பிலிப்பு பூசைக்குப் போயிருந்தான். வினோஜாவுக்கு வேறொரு நாளைச் சொல்லியிருந்தேன். பெண்பிள்ளை, சேற்றில் எதற்கு. கேதீஸ்வரன் தலைப்பாகையோடும் மரத்தால் செய்வித்த ஈட்டியோடும் வந்திறங்கினார். கனடாவில் இருக்கும் மகனுக்கு வீடியோ அனுப்பவேண்டுமாம். போனை என்னிடம் தந்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினார்.

"பாத்தீரே ஐசே? முழங்கால்."

"ஓம் சேர். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போங்கோ. வெளிச்சம் வடிவாய் விழும்."

மிச்சத்தை நீங்கள் வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். படம் எங்கேயும் ஆடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இனிப் பிழைகளுக்கு வருவோம். கிடங்கு இருப்பது தெரிந்தும் பிலிப்பு அடையாளம் வைக்காமல் விட்டான், கம்பு நட்டதாகப் பொய் சொல்கிறான், வீடியோவில் ஒரு கம்பும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் நட்டது உண்மை. அன்று விடியப்புறம் நான்தான் அவற்றைப் பிடுங்கினேன். துணி அவிழாமல் என் வீட்டுக் கோடியில் தென்னங்கிடுகுக்குக் கீழே கிடக்கின்றன, ஆளனுப்பி எடுப்பியுங்கள். நானூறு வருஷத்துக்கு முந்திய களப்பில் லூர்த்தம்மாவின் சேலைத்துண்டு எப்படி ஐயா வரும்? காலத்துக்குப் பொருந்தாத ஒன்றை அப்புறப்படுத்தினேன். சரித்திரத்தை மதிக்கிற எவரும் செய்வதுதான்.

மற்றது, "நீந்தத் தெரியாததால் நூலகரால் காப்பாற்ற முடியவில்லை" என்ற வரி. அதை வெட்டிவிடுங்கள். நான் பருத்தித்துறையில் பிறந்தவன். நடக்கப் பழகினதும் நீந்தப் பழகினதும் ஒரே வருஷம்.

வீடியோவில் காற்று இரைவதால் கேட்காத ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பழகின இத்தனை வருஷத்தில் அவர் என்னை லைப்ரறி என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறார். என் பெயர் அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது "நமசிவாயம்" என்று கூப்பிட்டார். முழுப்பெயரும், ஓரெழுத்துக் குறையாமல். இன்னொருதரம் கூப்பிடுவார் என்று நின்றேன். கூப்பிட்டார்.

மற்றபடி அவரில் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை.