முள்ளு பாத்த அன்னிக்கு

ஐய, தள்ளி ஒக்கார வேணாம் பாய். நீங்க நெனைக்கிற நோவு இல்ல அது. பொண்டாட்டிக்கு காலு மரத்துப்போச்சின்னு சொன்னா போதும், எல்லாரும் இப்பிடித்தான் பொசுக்குன்னு நகர்றாங்க. ஒங்க மேல தப்பில்ல. நாங்களும் அதத்தான் நெனச்சோம். பஸ்சு வேலூரு போய் சேர இன்னும் நேரம் கீது, கேளுங்க.

எம் பேரு சடையன். சந்தவாசல்லேர்ந்து அர நாளு ஏறணும் எங்க ஊருக்கு. நீங்க கடுக்கா வாங்கறவரு, எங்க மலையெல்லாம் தெரிஞ்சிருக்கும். வூட்டுக்காரி பேரு அம்மாக்கண்ணு. ரெண்டு பொட்டப் புள்ளைங்க.

சைனாக்காரன் கூட சண்டன்னு கீழ பேசிக்கினாங்களே, அந்த வருசம் அவளுக்கு வயித்தால போவ ஆரம்பிச்சிது. சொம்மா இல்ல பாய், சளியும் ரத்தமுமா. நாளைக்கு பத்து தபா, பன்னெண்டு தபா. சூடுன்னோம். மாதுளம் பிஞ்ச அரச்சி குடுத்தோம். நிக்கும். சாமப் பயிரு வெச்ச கொல்லையில வந்து கள கூட எடுப்பா. நான் கூட சரியாயிடிச்சின்னு நெனப்பேன். பதினஞ்சி நாளு தாங்காது, மறுபடி புடிச்சிக்கும். இப்பிடியே ரெண்டு வருசம். ஆளு துரும்பா எளச்சிட்டா.

அப்பால தான் காலு. கட்ட மேல நிக்கறாப்பல கீது மாமான்னா. மூஞ்சி கழுவ கண்ண மூடுனா தள்ளாடுவா, செவுத்த புடிச்சிக்குவா. ரத்தம் போவுதில்ல, அந்த அசதின்னு வுட்டுட்டேன். ஒரு நா காலையில களி கிண்டிகினு இருந்தா. அடுப்புலேர்ந்து ஒரு நெருப்புத்துண்டு உருண்டு அவ காலு மேல வுழுந்துது. தோலு பொசுங்கற நாத்தம் வாசல்ல நின்ன எனக்கு வந்துது பாய், அவளுக்கு தெரில. அவ பாட்டுக்கு கிண்டிகினே இருக்கறா.

அந்தக் கத ஓடையில தண்ணி மொள்ளற பொம்பளைங்க காதுக்கு போச்சி. காலு மரத்துப்போச்சாம், நெருப்பு கூட தெரிலயாம். அவ்ளோதான். வயித்தால போனத ஒருத்தரும் பேசல. ரெண்டு வருசம் ரத்தமா போச்சே, அத ஒரு நோவாவே யாரும் வெச்சிக்கல. மரத்துப்போச்சின்ற அந்த ஒரு சொல்லு தான் ஊரு பூரா சுத்திச்சி. மரத்துதுன்னா பெரிவியாதி, குஷ்டம். எங்களுக்கு வேற தெரியாது.

அதுக்கு எங்க ஊர்ல முள்ளு பாக்கறதுன்னு ஒண்ணு கீது. ஆமா பாய், முள்ளு தான். கண்ண துணியால கட்டி ஒக்கார வெச்சி, காரமுள்ளால பாதத்துல மூணு எடத்துல குத்தணும். ஊர்க்கவுண்டரு எதிர்ல. புருசங்காரன் தான் குத்தணும், வேற ஆளு தொடக் கூடாது. ஒரு எடத்துல ஆன்னு கத்திட்டா கூட போதும், எழுந்து வூட்டுக்கு போலாம்.

கத்தலீங்க. மூணும் குத்தி ரத்தம் வந்துது. நான் முள்ள கீழ போட்டுட்டேன். அவ இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு நெனச்சிக்கினு கண்ணுக்கட்டோட அப்பிடியே ஒக்காந்திருந்தா பாய். கவுண்டரு எழுந்து போன அப்பால தான் நானு துணிய அவுத்தேன். காலு மேல இருந்த ரத்தத்த பாத்துட்டு என்ன பாத்தா.

ஊருக்கு வெளிய கொல்லையோரமா ஒரு குடிச போட்டு குடுத்தேன். பத்து மாசம் அங்க இருந்தா. சோத்த பாற மேல வெச்சிட்டு தூரமா வந்து நின்னுக்குவேன். வயித்தால போறது அங்கயும் நிக்கல. எழுந்து ஓடவும் காலு இல்ல, தொடச்சி வுடவும் ஆளு இல்ல. புள்ளைங்க அம்மா அம்மான்னு கத்துங்க, இழுத்துகினு வந்துடுவேன். நான் இன்னா பண்ணுவேன் சொல்லுங்க.

பெரிவியாதிக்கு மாத்திர குடுக்கற ஆளு ஒருத்தரு மாசி மாசம் மல ஏறி வந்தாரு. அவரு தான் அவ தோலெல்லாம் திருப்பித் திருப்பி பாத்தாரு. முழங்கைய அமுத்திப் பாத்தாரு. இன்னாய்யா, ஒரு தேமல் கூட காணோம், இது அது இல்லய்யா, ஒடனே வேலூருக்கு தூக்குன்னாரு. நானும் மச்சான் வடிவேலும் டோலி கட்டி தூக்கினு எறங்குனோம். கூட வர்றதுக்கு ஊர்ல வேற ஒருத்தனும் இல்ல.

பெரியாஸ்பத்திரில காது மடல கீறி கண்ணாடில வெச்சி பாத்தாங்க. பெரிவியாதி இல்லன்னுட்டாங்க. குடல் பூரா புண்ணாம் பாய். சாப்பிட்டது ஒடம்புல ஒட்டவே இல்லியாம். அந்த சத்து இல்லாம நரம்பு பட்டுப்போச்சாம். குடல்ல புண்ணு இருந்தா காலு ஏன் சாவணும்னு கேட்டேன். சில பேருக்கு அப்பிடி ஆவுது, ஏன்னு எங்களுக்கே பூரா தெரிலன்னாரு டாக்டரு. அந்த சத்துக்கு அங்கயே படுக்க வெச்சி செவப்பு ஊசி போட்றாங்க. வயிறு இப்ப கொஞ்சம் தேவல. காலு? வந்தா வரும்ன்றாரு. காலு மரத்துப்போன ஒடனே இட்டாந்திருந்தா எழுந்து நடந்திருப்பா, இத்தினி மாசம் இன்னாய்யா பண்ணன்னு என்னக் கேட்டாரு. அவ தான் படுத்துக்கினே சொன்னா, மல தூரங்க, அவரு இன்னா பண்ணுவாருன்னு.

ஒங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா பாய், நீங்க எறங்கி போய்டுவீங்க. முள்ளு பாக்கறதுக்கு போற வழியில அவ என் கைய புடிச்சிக்கினா. மாமா, எனக்கு காலு சுத்தமா தெரில. குத்தறதுக்கு முன்ன லேசா ஒரு தபா செருமு, நான் ஆன்னு கத்திட்றேன்னா. சரி புள்ளன்னேன். நானு செருமல பாய். அவளுக்கு அந்த நோவு தான்னு நானும் நம்பிட்டேன். புள்ளைங்களுக்கு ஒட்டிக்குமேன்னு பயம். அது ஒண்ணு தானான்னா, அது மட்டும் இல்ல. ரெண்டு வருசமா அவ துணி அலசி அலசி, ஒரு ராத்திரி நிம்மதியா தூங்கலாமேன்னு கூட தோணிச்சி.

போன வாரம் அவளே கேட்டா. அன்னிக்கு தொண்ட கட்டிகிச்சா மாமான்னு. ஆமா புள்ளன்னேன். எனக்கு தெரியும், பனியில கொல்லைக்கு காவல் போனா ஒனக்கு அப்பிடித்தான் கட்டிக்கும்னா. நர்சம்மா அவளுக்கு குடுத்த கல்கண்டுல ஒரு துண்ட எடுத்து, தொண்டைக்கு நல்லது, போட்டுக்கோன்னு நீட்னா.

வாங்கி போட்டுக்கினேன்.