அமாவாசையில் தோற்கும் பதினொன்று

"ஹலோ... ஹலோ, தேவகிம்மாவா? காஞ்சிபுரத்துலேர்ந்து அப்பாதுரை பேசறன்மா. ஆபீசு பெருக்குறவன்... ஆமா ஆமா, காலையில டெஸ்ட்டு ஓட்டிச் சொல்றவன்தான்... இல்லம்மா, இன்னிக்குப் பாஸ் ஆவல. அம்பத்தொண்ணு பச்சை, பதினொண்ணு சிவப்பு... ஆமா, போன மாசம் விழுந்த அதே பதினொண்ணு."

பட்டு நெசவாளர் சங்கத்து மாடியில், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு டெலிபோனும் இருக்கிற அறை அது. சங்கத்துச் சேலை இருப்பைப் பார்க்க தேவகி சென்னையில் புரோகிராம் எழுதுகிறாள். அது சரியாக ஓடுகிறதா என்று தினமும் இங்கே அறுபத்திரெண்டு சோதனை வைத்துப் பார்ப்பார்கள்; தேறியது பச்சை, தோற்றது சிவப்பு. பொத்தானை அமுக்கிச் சிவப்பு எத்தனை என்று சொல்வது, துடைப்பத்தோடு சேர்ந்து அப்பாதுரைக்கு வந்த வேலை. அறைக்கு மேனேஜர் சடகோபன்.

"உங்க மெஷின்ல எல்லாம் பச்சைதான், தெரியும்மா. அதனாலதானே சார் என் மேல போடுறாரு. பெருக்குறப்போ நான்தான் ஒயர இழுத்து விட்டுடறனாம். இன்னொரு தடவ சிவப்பு வந்தா வேலைக்கே வராதன்னுட்டாரு... சடகோபன் சார்தான்... இன்னும் வரல. பத்தரைக்கு வருவாரு. இப்பப் பத்தே கால்... அதத்தான் சொல்ல வந்தன். நான் ஒயர இழுத்த தேதின்னு எழுதிச் செவுத்துல ஒட்டியிருக்காரு. ஜூன் பத்து, ஜூலை பத்து, ஆகஸ்ட் எட்டு. காலண்டரப் பாத்தன். மூணும் அமாவாசை. இன்னிக்கும் அமாவாசை... சிரிக்காதிங்கம்மா. பேய் பிசாசு இல்ல. அமாவாசைன்னா இங்க யாரும் தறியில உக்கார மாட்டாங்க. கீழ சங்கத்துக்கு லீவு, மாடியில நமக்கு மட்டுந்தான் வேலை. கீழ இருக்குற பெரிய கம்ப்யூட்டர அணைச்சிப் பூட்டிக்கினு பூடுவாங்க... ஆமா. நம்ம ரெண்டு மெஷினுக்கும் அதுலேர்ந்துதான் நெட்டு ஒயர் வருது... அம்மா? இருக்கீங்களா?"

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர் காத்திருந்தார்.

"சொல்லுங்க... சாருக்கும் லீவா? இல்லம்மா. சாருக்கு அமாவாசைன்னா தர்ப்பணம் இருக்குது. அதான் லேட்டு. மாசா மாசம் லேட்டா வராரு, சிவப்பப் பாக்குறாரு, என்னியப் பாக்குறாரு... அவருக்குத் தோணலம்மா... தெரையில இந்த மெஷினோட நம்பரா? இருங்க, படிக்கறன். ஒண்ணு ஆறு ஒம்போது, புள்ளி, ரெண்டு அஞ்சு நாலு... ஆமா, மத்த நாள்ல ஒண்ணு ஒம்போது ரெண்டுன்னு ஆரம்பிக்கும்... ஓ. பெரிய மெஷின் நம்பர் குடுக்கலன்னா இதுவே ஒண்ண வெச்சிக்குமா. உங்க டெஸ்ட்டு பழைய நம்பருக்கே போய் நிக்குதா. ஆளு வீட்லதான் இருக்கான், நீங்க பழைய வீட்டுக் கதவத் தட்டுறீங்க... தப்பு உங்களுதுன்னு நான் சொல்லலம்மா. நீங்களே சொன்னா சரி."

"எழுதிக்கறன்... ம்... ஒண்ணு ரெண்டு ஏழு, புள்ளி, சைபர், புள்ளி, சைபர், புள்ளி, ஒண்ணு. யாரு நம்பரும்மா இது?... மெஷின் தன்னத்தானே கூப்புட்டுக்கற நம்பரா? எல்லா மெஷினுக்கும் இதே நம்பரா? சண்ட வராதா?... சரி சரி, வெளிய போகாததுக்கு என்ன சண்ட. டெஸ்ட்டுல பழைய நம்பர அழிச்சி இத மாத்திட்டன்... என்ன கழட்டணும்?... அந்த ஒயரையா? நானா?... கீழதான் எல்லாம் அணைஞ்சி கெடக்குதே... ஓ, சுத்தமா ஒண்ணுமே இல்லன்னாலும் ஓடணுமா. நீங்க சொல்றீங்க, கழட்டறன்."

மூன்று மாதமாகத் தான் இழுப்பதாகப் பேர் வாங்கியிருந்த ஒயரை அப்பாதுரை முதல் தடவையாகக் கையில் எடுத்தார்.

"கழட்டிட்டன். ஓட்டறன்... ஓடுது, பத்து... அம்மா, சார் வந்துட்டாரு... ஆமா, கையிலதான் இருக்குது. பாத்துட்டாரு... சார், தேவகிம்மா லைன்ல இருக்காங்க. அவங்கதான் கழட்டச் சொன்னாங்க. மொதல்ல அந்தத் தெரையப் பாருங்க சார்... நாப்பது... அம்பத்திரெண்டு... அறுவது. அறுபத்திரெண்டும் பச்சைம்மா."

நெற்றி நாமம் காயாமல் வந்து நின்ற சடகோபன் திரையைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். காலண்டரையும், பக்கத்தில் தான் ஒட்டிய தாளையும் மாறி மாறிப் பார்த்தார். நீட்டிய டெலிபோனை வாங்கவில்லை.

"பேச மாட்டாராம்மா. செவுத்துத் தாளப் பிச்சிக்கினு இருக்காரு... தெரியல, கேக்கறன். சார், நாளைக்கு நான் வரட்டுமான்னு அம்மா கேக்கறாங்க... ஒம்போது மணிக்கு வரணுமாம். எப்பவும் ஒம்போதுதான்... மன்னிப்பா? அதெல்லாம் கேக்கலம்மா. ஒயர மாட்டுன்றாரு... எந்த ஓட்டையில? பின்னாடி ரெண்டு மூணு இருக்குது, கழட்டறப்போ கவனிக்கல. முன்னாடியே தொட்டிருந்தாத்தானே தெரியும்... இல்லம்மா, வேணாம், சொல்ல வேணாம். சாரே மேஜைக்கு அடியில பூந்துட்டாரு. வெச்சிடறன்."