புகார்தாரர் கையெழுத்து

முருங்கை பூக்கும் மாதங்களில் தேனீக்கள் சாதுவாக இருக்கும். பெட்டியைத் திறந்து கையை விட்டாலும் கொட்டாது. பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை எனக்கு. கை நடுங்காது. வீட்டுப் பின்புறம் நான்கு பெட்டிகளைத் தனியாகவே பார்த்துக்கொண்டேன். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன்.

பெட்டிகளை நகராட்சியில் பதிய வேண்டும் என்று புது விதி வந்தது. மதிலிலிருந்து பத்தடி தள்ளியிருக்க வேண்டும். தள்ளி வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபம் இல்லையென்று கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தோடு கோதண்டபாணி வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஜன்னல் கண்ணாடியைத் திறக்காமலே பேசினார்.

“அண்ணே, ஒரே ஒரு கையெழுத்துங்க.”

“பூச்சிய வூட்டுல வச்சிக்கினு எங்கிட்ட கையெழுத்து கேக்கறியா? போம்மா.”

அவர் மனைவி ராஜாம்பாள் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் அந்த வீட்டில் சமைத்துப் போட்டவள் நான். என்னை வெயிலில் நிற்கவைத்துப் போம்மா என்றார். அன்று எழுதியதில் ஆறு பொம்மைகளுக்குக் கண் கோணிப்போனது.

பிறகு அவர் புகார் கொடுத்தார். ஏழு நாளில் பெட்டிகளை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. புகாரின் நகலும் கூடவே இருந்தது. அதில் ஒரு டாக்டர் சான்றிதழ். இவரைத் தேனீ கொட்டினால் உயிருக்கே ஆபத்து, உடனே ஊசி போட வேண்டும் என்றிருந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது பாவமாக இருந்தது.

பெட்டிகள் அகற்றப்பட்டதற்குப் புகார்தாரரே கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவின் கீழே ஒரு வரி இருந்தது.

ஏழாம் நாள் காலை மூன்று பெட்டிகளைக் கம்மாபுரத்தில் என் தம்பியின் வயலுக்கு அனுப்பினேன். நான்காவதை மதிலோரம் வைத்துச் சாக்கால் மூடினேன். ராஜாம்பாள் சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறிய பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, எல்லாத்தையும் எடுத்துட்டேங்க. வந்து கையெழுத்து போடுங்க.”

“நெசமாவா? ஒண்ணுகூட இல்லியே?”

“இல்லீங்க.”

மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். சிரிக்கக்கூடச் செய்தார்.

“மனசுல வச்சிக்காதம்மா. எனக்கு அதுங்கன்னா உசுரு பயம்.”

மதில்மேல் படிவத்தை வைத்துக் குனிந்து கையெழுத்துப் போட்டார். நான் சாக்கை உருவிவிட்டு, மூடியைக் கழற்றி, பெட்டியைத் தூக்கி அவர் பக்கம் கவிழ்த்தேன்.

என்னையும் பதினொரு இடத்தில் கொட்டின. அவர் கீழே விழுந்து, “ஊசி… ஹால் அலமாரில…” என்றார். அந்த அலமாரியை எனக்குத் தெரியும். நடந்தால் ஒரு நிமிடம் ஆகாது. நான் நடக்கவில்லை. படிவத்தை எடுத்து, கையெழுத்து முழுதாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழுந்திருந்தது.

மூச்சு அடங்கிய பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கோதண்டபாணியைக் கொன்றது நான்தான். ஆனால் கோபத்தில் செய்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. எனக்குக் கோபமே வராது.