ரெண்டு பட்டம், ஒரே தலை

காப்பியெல்லாம் வேணாம் மேடம், தண்ணி போதும். நான் அந்த லேத்தைப் பார்க்கத்தான் வந்தேன். உங்க ஒர்க்‌ஷாப்ல பழைய லேத் ஒண்ணைக் கழிக்கப் போறாங்கன்னு காதுல விழுந்துச்சு. பழைய மிஷினை வாங்கி விக்கிறதுதானே நம்ம பொழப்பு. பார்த்தாச்சு. வெறும் குப்பை. பல்சக்கரமெல்லாம் மொட்டை, மேல பெயின்ட் மட்டும் மாப்பிள்ளை மாதிரி மினுமினுக்குது. திரும்பிப் போறப்போ உங்க ரூம் கதவு தொறந்திருந்துச்சு. பொண்ணு படிக்கிற டிபார்ட்மென்ட் மேடமாச்சே, ஒரு வணக்கம் வச்சிட்டுப் போவோம்னு எட்டிப் பார்த்தேன். வேற ஒண்ணுமில்ல.

தெரியும், தெரியும். பாப்பா அந்த வெளிநாட்டு சீட்டை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா. இன்னிக்கு சாயங்காலம் நீங்க லிஸ்டை மூடினா அது அடுத்தவனுக்குப் போயிடும். அவ அம்மா சொன்னா. போகட்டுமே. நான் அதைப் பத்திப் பேச வரல.

ஆனா நீங்களா பேச்சை எடுத்ததால சொல்றேன். என்ன மேடம் படிப்பு அது? ரெண்டு வருஷம் இங்க, ரெண்டு வருஷம் அங்க. முடிச்சா இந்த யுனிவர்சிட்டி ஒரு இன்ஜினியர் பட்டம் குடுக்கும், அந்த யுனிவர்சிட்டி ஒரு இன்ஜினியர் பட்டம் குடுக்கும். படிச்சது என்னவோ ஒரே தலை. எங்க தொழில்ல ஒரே மோட்டார் மேல ரெண்டு கம்பெனி பிளேட்டை அடிச்சு வித்தா, ஆள் தேடி வந்து சட்டையைப் பிடிப்பான். நீங்க அதையே கோட்டு போட்டு, மேடையில ஏறி, கை குலுக்கிக் குடுக்கிறீங்க. உங்களுக்கு மட்டும் மரியாதை.

விளக்க வேணாம். அன்னிக்குக் கூட்டத்துலயே விளக்கிட்டீங்க. இங்க தேறின பாடத்தை அவன் ஒத்துப்பான், அங்க தேறின பாடத்தை நீங்க ஒத்துப்பீங்க, ரெண்டு பேரோட சோதனையிலயும் தேறணும். சரி. கேட்க நல்லாத்தான் இருக்கு. எல்லாமே கேட்க நல்லாத்தான் இருக்கும்.

பெத்தவங்களையெல்லாம் கூப்பிட்டு ஹால்ல உக்கார வச்சு ஒரு படம் போட்டீங்களே, அதைச் சொல்லுங்க முதல்ல. படம் பூரா புள்ளைங்க புல்லுல உக்காந்து சிரிக்குதுங்க. புல்லுல உக்காந்து சிரிக்க எதுக்கு மேடம் விமானம் ஏறணும்? ஒரு புள்ளை கையிலயாவது எண்ணெய்க் கறை இருந்துச்சா? என் பக்கத்துல டை கட்டின ஒருத்தர். நீங்க என்ன சொன்னாலும் தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. கேள்வி இருக்கான்னு நீங்க கேட்டதும் எந்திரிச்சு என்ன கேட்டாரு? அங்க குளிருக்கு எந்த மாதிரி கோட்டு வாங்கணும்னு. அவரை மாதிரி நாலு பேர் என் கடைக்கு வந்தா போதும், நான் மாடி மேல மாடி கட்டிடுவேன்.

அப்புறம் அந்தப் பையன். ரெண்டு பட்டமும் வாங்கிட்டு வந்துட்டான்னு மைக்கைக் குடுத்துப் பேச விட்டீங்களே. பார்த்தா பால் பாட்டிலை இப்பத்தான் கீழ வச்ச மாதிரி இருந்தான். டீ குடிக்க விட்ட நேரத்துல அவனை ஓரமா தள்ளிட்டுப் போனேன். தம்பி, என் கடை கம்ப்ரஸர் நல்லா ஓடிட்டு இருக்கும், திடீர்னு நின்னுடும், ரெண்டு ஊரு படிப்பு படிச்சிருக்கியே, ஏன்னு சொல்லு பார்ப்போம்னேன். வழுக்கி விழுவான்னு பார்த்தேன். அவன் அசரல. சூடானப்புறம் நிக்குதா, எடுத்த உடனே நிக்குதான்னு என்னையே கேள்வி கேட்டான். காத்து போற வழி எப்படி இருக்குன்னான். அப்புறம் ஒண்ணு சொன்னான்.

ஆமா, சரியாத்தான் சொன்னான். கடைக்குப் போனதும் கழட்டிப் பார்த்தேன். அவன் சொன்ன இடத்துலதான் கோளாறு. அதுக்காக? ஒரு பையன் ஒரு தடவை சரியாச் சொல்லிட்டா கும்பிடணுமா?

சிரிக்காதீங்க மேடம். அன்னிக்கும் ஹாலே சிரிச்சுது. நான் என்ன தப்பாக் கேட்டேன்? ரெண்டு பட்டமா எடுக்கிறோமே, ஃபீஸ்ல பார்த்துப் போடுங்கன்னு கேட்டேன். மொத்தமா எடுத்தா குறைக்கிறது உலக வழக்கம். முடியாதுன்னீங்க. மரியாதையாத்தான் சொன்னீங்க, இல்லைன்னு சொல்லல. நான் விடுவேனா? இதெல்லாம் பகல் வேஷம், என் பொண்ணுக்கு இந்தக் குப்பை தேவையே இல்லைன்னு நல்லாக் கேக்கிற மாதிரி சொல்லிட்டு எந்திரிச்சேன். பாப்பா என் பக்கத்துலதான் இருந்தா. அவளைத் திரும்பிப் பார்க்கல. பார்க்கக் கூடாது. நேரா வெளிய வந்துட்டேன்.

வந்து மாடிப்படியில மெதுவா இறங்கினேன். திருப்பத்துல நின்னு செருப்பைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சேன். சரி பண்ண அதுல ஒண்ணுமில்ல. சும்மா குனிஞ்சுக்கிட்டே நின்னேன். யாரும் கூப்பிட வரல.

யார் வரணுமா? நீங்கதான் வரணும். இதென்ன கேள்வி? வாங்க வந்தவன் எந்திரிச்சுப் போறான்னா, வாசப்படி தாண்டுறதுக்குள்ள கூப்பிடணும் மேடம். உக்காருங்க அண்ணே, கோவப்படாதீங்க, பேசிக்கலாம்னு சொல்லணும். நானும் வேண்டா வெறுப்பா வந்து உக்காருவேன். ஒரு பேச்சுக்கு நீங்க ஏதாவது குறைப்பீங்க. குறைக்கலைன்னாலும் போகுதுன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டிருப்பேன். இதுகூடத் தெரியாம எப்படி ஒரு யுனிவர்சிட்டி நடத்துறீங்க? சாமானைப் பிடிக்காதவன் எதுக்கு மேடம் அவ்வளவு நேரம் திட்டிட்டு நிக்கப் போறான்? பேசாம போயிடுவான்ல.

எது, லேத்தா? எடுக்காம என்ன? வண்டி வெளிய நிக்குது, ஆளுங்க கயிறு கட்டிட்டு இருக்காங்க. அருமையான லேத். சக்கரத்தை மாத்தினா இன்னும் ஒரு தலைமுறை ஓடும். அதை உங்க ஒர்க்‌ஷாப் ஆள்கிட்ட போய்ச் சொல்லி வைக்காதீங்க, கேட்டீங்களா.

இப்பப் புரியுதா? உங்களுக்குப் புரிய இவ்வளவு நேரம் ஆச்சு. சரி, நீங்க வெளி ஆள். அவ கடையிலயே வளர்ந்தவ. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்பேர் பார்ட்ஸ் மூட்டை மேல உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவா. அப்பா எதைத் திட்டுறானோ அதுதான் வண்டியில ஏறும்னு அவளுக்குத் தெரியாதா? தெரியும்னுதான் நான் தைரியமாப் பேசினேன். ஆனா அவ படியில இறங்கி வந்தா, குனிஞ்சு நின்ன என்னைத் தாண்டிப் போய் வண்டியில உக்காந்தா. மறுநாள் சீட்டு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா. அவரு குப்பைன்னு சொன்னதை அவரு காசுலயே போய்ப் படிக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சொன்னாளாம். திமிரு. வேற எங்க இருந்து வரும், எல்லாம் நம்ம சொத்துதான்.

நான் வீட்ல கத்தினேன். இவ்வளவு வருஷம் கடையில இருந்தவளுக்கு என் பேரம் தெரியாதாடின்னு அவ அம்மாகிட்டதான் கத்தினேன். அவ பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே கேட்டா, பேரமெல்லாம் முடிஞ்சு வண்டியில ஏத்துறப்போவாவது லேத்தைத் தடவிக் குடுப்பீங்க, பொண்ணை என்னிக்காவது ஒரு வார்த்தை நல்லாச் சொல்லியிருக்கீங்களான்னு. முதல் மார்க்கு வாங்கிட்டு வந்தப்போ அவ்வளவுதானான்னு கேட்டேனாம். அந்த வெளிநாட்டு வாத்தியாருங்க கம்ப்யூட்டர்ல இவளைக் கேள்வி கேட்டு, இவதான் வேணும்னு எடுத்தாங்களே, அன்னிக்கும் வேற ஆள் கிடைக்கலியான்னேனாம். சொல்லியிருப்பேன். ஞாபகமில்ல. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும்.

கீழ லேப்லதான் இருக்கா மேடம். வர்றப்போ கண்ணாடி வழியா பார்த்தேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு எதையோ அளந்துட்டு இருந்தா. நிமிர்ந்தான்னா பார்த்திருப்பா. நான் நகந்துட்டேன்.

லிஸ்டை மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல கூப்பிட்டுப் பேசுங்க. இது நல்ல படிப்புன்னு சொல்லுங்க. ரெண்டு இடத்துலயும் தேறுற அளவுக்கு அவளுக்கு மூளை இருக்குன்னும் சொல்லுங்க. ஃபீஸை நீங்க சொன்ன மாதிரியே கட்டிடறேன், அதுல பேச்சே இல்ல. நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாம்.

நானே சொன்னா என்னவா? சொல்லலாம் மேடம். ஆனா அவ கடையில வளர்ந்தவளாச்சே. வாங்குறப்போ திட்டுவேன், நல்லா இருக்குன்னு புகழ்ந்தேன்னா அது விக்கிறதுக்கு. என் வாயால அவளை ஒரு வார்த்தை நல்லாச் சொல்லி, போயிட்டு வாம்மான்னு சொன்னா, அப்பா நம்மளைக் கழிச்சுக் கட்டுறாருன்னு நினைச்சுக்குவா.