பரவாயில்லை என்றால் பூஜ்யம்

"பரவால்லன்னா வலிக்குதா, வலிக்கலையா சிஸ்டர்?" என்று ஒரு குழந்தை என்னிடம் ஒருமுறை கேட்டாள். ஆறு வயதிருக்கும். ஓசூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் முதலுதவி அறையில், அம்மாவின் மடியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சத்யப்ரியா அப்போதுதான் தன் வலது மணிக்கட்டைப் பற்றி, "பரவால்ல சிஸ்டர்" என்று சொல்லியிருந்தாள். நான் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தேன்.

சத்யப்ரியாவின் கையைப் பற்றிய விசாரணையில், அதிகாரியான நீங்கள் என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். அதனால் அங்கிருந்தே எழுதுகிறேன்.

என் பெயர் சூசைமேரி. அங்கே நர்ஸ். சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் உதிரிபாக பில்களைக் கணினியில் ஏற்றும் அலுவலகம் அது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர், தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்தபடி வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புரோகிராம் வாங்கினார்கள். யாருடைய கழுத்து, தோள், மணிக்கட்டு கெடப்போகிறது என்று அது முன்கூட்டியே சொல்லும். உட்காரும் நேரத்தை அதுவே எண்ணிக்கொள்ளும். வலியை மட்டும் நான் மாதாமாதம் ஒவ்வொருவரிடமும் கேட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் எண்ணாகப் போட வேண்டும். பிறகு பெயருக்கு எதிரே பச்சை, மஞ்சள் அல்லது சிவப்பு வரும். சிவப்பு என்றால் ஆறு மாதத்துக்குள் கெட்டுவிடும் என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் வலியைக் கேட்டால் யாரும் எண் சொல்ல மாட்டார்கள். தமிழ் பேசுகிறவர்கள் பரவாயில்லை என்பார்கள். தெலுங்குக்காரர்கள் பர்வாலேது என்பார்கள், கன்னடக்காரர்கள் பரவாகில்லா என்பார்கள். மூன்றும் ஒரே சொல்தான். அதை ஏற்காதீர்கள், எண் வரும்வரை கேளுங்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் மாதம் அப்படியே செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எல்லோரும் சொன்னார்கள். மென்மையான குரல் கடவுள் எனக்குக் கொடுத்த வரம்.

பாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ராமப்பன் கழுத்துக்கு ஏழு என்றார். சிவப்பு வந்தது. இன்னும் மூன்று பேருக்கும் வந்தது. திங்கட்கிழமை அந்த நான்கு பேரின் அட்டைக்கும் கேட் திறக்கவில்லை. "அவங்க நல்லதுக்குத்தான் சிஸ்டர், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் மேனேஜர் ஹரீஷ்குமார்.

உள்ளே விட்டுப்போன டிபன் கேரியரை வாங்கிப்போக ராமப்பன் வந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குக் கோபமே இல்லை. "அவ்ளோ பிரியமா கேட்டீங்க, கக்கிட்டேன் சிஸ்டர். நீங்க போலீஸ்ல சேந்திருக்கலாம், அடியே தேவப்பட்டிருக்காது" என்று சிரித்தார்.

அன்று கோயிலில் முழந்தாளிட்டு ஒரு முடிவு செய்தேன். இனி என் கையால் யாருடைய சோறும் போகக் கூடாது. அடுத்த மாதத்திலிருந்து, பரவாயில்லை என்று சொன்னவர்களை இரண்டாம் முறை கேட்கவில்லை. பூஜ்யம் போட்டேன். பிறகு, அழுதவர்களுக்கும் பூஜ்யமே போட்டேன்.

ஆனால் கடவுளிடம் பொய் சொல்ல முடியாது. அதற்காக ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தேன். தைலம் தேய்க்கும்போது அவர்களாகவே சொன்ன உண்மையான எண்கள் அதில் இருக்கின்றன. காலைப் பூசையில் ஒவ்வொரு பெயராக வேண்டிக்கொள்வேன். ஆண்டவரே, சத்யப்ரியா, வலது மணிக்கட்டு, எட்டு. இப்படி.

ஐஸ் வைத்தேன், தைலம் தேய்த்தேன், துணி கட்டிவிட்டேன். வீட்டிலிருந்து எனக்குப் பூவும் முறுக்கும் கொண்டுவந்தார்கள். "சிஸ்டர் இருக்கங்காட்டிதான் எங்க வீட்ல அடுப்பு எரியுது" என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம் மாதம், புரோகிராமைச் செய்த கம்பெனியிலிருந்து லாவண்யா என்ற பெண் பெங்களூரிலிருந்து வந்தாள். டீ குடிக்கும்போது ஒன்று சொன்னாள். ஒரு தளத்தின் சராசரி வலி மூன்றைத் தாண்டினால், மேசை நாற்காலியை மாற்றி, வேலையை எட்டு மணி நேரமாகக் குறைத்தாக வேண்டும். ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. "நாலு பேருக்குன்னா ஆளை மாத்துவாங்க சிஸ்டர். எல்லாருக்கும்னா வேலையத்தான் மாத்தியாகணும்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நோட்டைப் பிரித்துக் கணக்குப் போட்டேன். நாலரை வந்தது.

மறுநாளும் பூஜ்யம்தான் போட்டேன். மேனேஜர் ஒப்பந்தப்படி நடக்காமல் எல்லோரையும் அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். அது பொய்யில்லை. நான் எழுதியதெல்லாம் தவறு என்று ஹரீஷ்குமாரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் இருந்தது. எனக்கு அங்கே நல்ல பெயர்.

மறு வருடம் எங்களுக்கு ஒரு கேடயம் வந்தது. வலியே இல்லாத அலுவலகம் என்று. மாதா படத்துக்குக் கீழே மாட்டினேன். லாவண்யா போனில் சந்தோஷப்பட்டாள். "உங்க கணக்கு மாதிரி சுத்தமா எங்கயும் இல்ல சிஸ்டர். அத வச்சுத்தான் மிஷினுக்குக் கத்துக்குடுக்கறோம்." பத்து மணி நேரம் கழுத்தைக் குனித்து உட்கார்ந்தாலும் மனிதருக்கு வலிக்காது என்று அது என்னிடமிருந்து கற்றுக்கொண்டது. இப்போது வேறு ஆறு அலுவலகங்களில் அதை வைத்திருக்கிறார்கள். நான் முகம் பார்க்காதவர்களுக்கும் பச்சை காட்டுகிறது. அவர்களுக்கு நான் தைலம்கூடத் தேய்க்கவில்லை.

சத்யப்ரியாவின் சொந்த ஊர் கல்லாவி. அந்த நான்கு பேர் போன அடுத்த மாதம் வேலைக்குச் சேர்ந்தாள். புருஷன் இல்லை. மகளோடு ஓசூரில் ஓர் அறையில் இருக்கிறாள். எனக்கு ஒருமுறை கடும் காய்ச்சல் வந்து ஐந்து நாள் கிடந்தேன். தினமும் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்து, துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போட்டாள். பிழியும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடிப்பதைப் பார்த்தேன்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல சிஸ்டர். நர்ஸுக்கு ஜுரம் வந்தா அடங்கிப் படுக்கவே மாட்டாங்களா? பேசாம படுங்க."

வேலைக்குத் திரும்பிய அன்று அவள் என்னிடம் சொன்னாள். "எம்பேரு செவப்புல வராம பாத்துக்கங்க சிஸ்டர். பாப்பாவ இப்பதான் ஸ்கூல்ல சேத்திருக்கேன்." பார்த்துக்கொண்டேன். அவள் கேட்டது வேலையை. கையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. லாவண்யா சொன்னதை நானும் அவளிடம் சொல்லவில்லை.

சேர்ந்த பத்தொன்பதாம் மாதம் அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலின் அடிச்சதை வற்றியிருந்தது. நரம்பு ஒரு வருடத்துக்கு மேலாக நசுங்கிக் கிடந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் வலி போகும், பிடி திரும்பாது என்றார் டாக்டர். சடை பின்ன முடியாததால் மகளின் தலைமுடியைக் கிராப்பு வெட்டிவிட்டாள். வைத்தியத்துக்குக் கம்பெனியிடம் கேட்டபோது, பத்தொன்பது மாதமும் பூஜ்யம், வீட்டில் ஏதாவது ஆகியிருக்கும் என்றார்கள்.

என் அறைக்கு வந்தாள். "ரெக்கார்டுல ஒண்ணுமே இல்லைங்கறாங்க சிஸ்டர். உங்ககிட்டதான சொன்னேன்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. மறந்திருப்பேனோ என்பதுபோலக் கேட்டாள். தண்ணீர் கொடுத்தேன். இடது கையால் வாங்கினாள்.

போன சனிக்கிழமை மதியம் எல்லோரும் போன பிறகு அவள் பக்கத்தைத் திறந்தேன். நோட்டைப் பார்த்து, பத்தொன்பது பூஜ்யங்களையும் ஒவ்வொன்றாக அழித்து, அவள் சொன்ன எண்களைப் போட்டேன். ஐந்து, ஆறு, ஆறு, எட்டு. கடைசியில் அவள் பெயர் சிவப்பானது. இனி வைத்தியச் செலவைக் கம்பெனி அவளுக்கு மறுக்க முடியாது. அறையில் யாரும் இல்லை. என் நெற்றியில் அவள் போட்ட ஈரத்துணிகளுக்கு நான் பட்டிருந்த கடன் அன்று தீர்ந்தது. நெடுநாளைக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது. கணினியை அணைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

மீதி இருநூற்றுப் பதினோரு பேரின் பூஜ்யங்கள் அப்படியேதான் இருக்கின்றன. அவர்கள் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள், பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள்.